முனியாண்டியின் முட்டியும் மாமாவின் கையெழுத்தும்

இரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்பே டிவியைப் போடும் என் பிரியமான மாமாவுக்கு,

அன்று நான் உங்களிடம் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். முனியாண்டியை அவருடைய குழு நீக்கிவிட்டது.

ஒரு புதன்கிழமை காலை அது. மறுநாள் மலேசியச் சுதந்திர தினம் என்பதால் வார்டு வாசலில் தாதிகள் காகிதக் கொடிகளைக் கட்டியிருந்தார்கள். ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில், கைப்பேசியில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஏழரைக்கு உங்கள் கட்டிலருகே வந்தேன். நீங்கள் கேட்டீர்கள். நான் வேறொன்றைச் சொன்னேன். எட்டு மணிக்கு, உங்கள் காலை வெட்டி எடுக்கச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், மாமா. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். டிவியில் விளம்பரம் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பியான நீங்கள், கல்யாணம் செய்துகொள்ளாமல் கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலேயே இருந்தீர்கள். இரவில் செம்பனை ஆலையில் ஜாகா வேலை, காவல் காப்பது. நோய்த்தொற்று எல்லாரையும் வீட்டில் பூட்டிய வருஷம், என் பல்கலைக்கழகம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. நான் கேமராவை அணைத்துவிட்டு விரிவுரை கேட்பேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்து டிவி பார்ப்பீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை, கால்பந்து என்று நினைத்து அந்த அமெரிக்க ஆட்டத்தைப் போட்டுவிட்டீர்கள். காலால் யாருமே உதைக்காததைப் பார்த்துக் கோபப்பட்டு, மாற்றப் போன விரல் அப்படியே நின்றது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அவனைச் சுற்றி ஐந்து ஆறு பேர் அரண்போல. அந்த அரணைப் பிளந்துகொண்டு ஐம்பத்தேழாம் எண் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பந்து வைத்திருந்தவனை இடுப்போடு சேர்த்து அணைத்துத் தரையில் உட்காரவைத்தார். அடித்த மாதிரியே இல்லை. பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"யாரு பாப்பா அவன்?" என்றீர்கள்.

அன்று விரிவுரையை நான் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தின் விதிகளைத் தேடிப் படித்து, தாக்கும் குழு, தடுக்கும் குழு, நான்கு முயற்சிகள், பத்து கெஜம் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீங்கள் சுருக்கிச் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். "அதான் விளங்குது. நடுவுல சட்ட கசங்காம நிக்கிறானே, அவன் கிராணி. இருந்த எடத்துல இருந்துகிட்டு எல்லாருக்கும் வேல சொல்றவன். நம்மாளு வேல என்னா, கிராணியப் புடிச்சு உக்கார வைக்கிறது."

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய கிராணிமார்மேல் உங்களுக்கு இருந்த பழைய கோபமெல்லாம் அன்று ஒரு விளையாட்டின் விதியாக மாறிவிட்டது. ஐம்பத்தேழுக்கு நீங்கள் வைத்த பெயர் முனியாண்டி. ஆட்டம் தொடங்குமுன் அவர் கோட்டருகே கைகளைத் தொங்கவிட்டு நிற்பது, எஸ்டேட் எல்லையில் நின்ற நம் முனியாண்டி சாமி மாதிரியே இருக்கிறது என்றீர்கள். அவருடைய நிஜப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வாயில் அது ஒருநாளும் முழுதாக வந்ததில்லை.

அவரைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் தென்பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவர். அம்மாவுக்குக் கோழி வெட்டும் ஆலையில் வேலை. பெரிய குழுக்கள் வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் நாளில், ஏறக்குறைய எல்லாரையும் எடுத்து முடித்த பிறகுதான் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் வருஷம் பயிற்சியில் மற்றவர்கள் முட்டிப் பழக நிற்கிற ஆள். இரண்டாம் வருஷம் பெஞ்சு. மூன்றாம் வருஷம் இன்னொருவருக்குத் தோள் இறங்கியதால் உள்ளே போனார். நாம் பார்க்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

இதை நான் வாசித்துக் காட்டியபோது நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். நீங்களும் எஸ்டேட் கால்பந்து அணியில், கோல் விழாமல் தடுக்கும் 'பேக்' ஆடியவர்தானே. மாவட்டக் கிண்ணத்தில் நம் எஸ்டேட் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த செய்தி பேப்பரில் வந்ததாம். கோல் போட்டவர் பெயர் இருந்தது, உங்கள் பெயர் இல்லை. அம்மா அதைச் சொல்லிக் கேலி செய்யும்போதெல்லாம் நீங்கள் அமைதியாகச் சொல்வீர்கள்: "ஒண்ணு அவன் போட்டது. பூஜ்யம் நான் போட்டது." நானும் எவ்வளவோ நாவல்கள் படித்துவிட்டேன், மாமா. பூஜ்யம் போட்டவரைக் கதாநாயகனாக வைத்து எழுதியவர் யாரையும் இன்னும் பார்க்கவில்லை.

மறுவருஷம், கடைகளில் உட்கார்ந்து சாப்பிட மறுபடி விட்டபோது, நம் டிவி பழுதாகிக் கிடந்தது. ஹனிபா பாய் கடைக்குப் போனோம். பழைய மீன் சந்தைப் பக்கம் அவர் கடையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி உண்டு. ஆங்கிலேயக் கால்பந்தை மாற்றச் சொன்னதற்கு ரொட்டி தின்றுகொண்டிருந்த பாதிப் பேர் முறைத்தார்கள். பாய் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா விளையாட்டுண்ணே இது. அஞ்சு நொடி ஓடுறானுங்க, அஞ்சு நிமிசம் கூட்டம் போடுறானுங்க. எங்க பள்ளிவாசல் கமிட்டியே தேவலாம்லா."

"கூட்டம் போட்டாத்தான பாய், கிராணிய யாரு புடிக்கிறதுன்னு முடிவு பண்ணலாம்."

அன்று முனியாண்டி ஒரே ஆட்டத்தில் மூன்று முறை கிராணியை உட்காரவைத்தார். முதல் தடவை நீங்கள் மட்டும் கை தட்டினீர்கள். இரண்டாம் தடவை கடையில் பாதி. மூன்றாம் தடவை, ஆற்றிக்கொண்டிருந்த தே தண்ணீரை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பாய் கேட்டார், "இன்னொருவாட்டி போடுவானா?" அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தால் அவர் நலம் விசாரிப்பதில்லை, முனியாண்டியைத்தான் விசாரிப்பார்.

நான்கு வாரம் கழித்து முனியாண்டியின் முட்டி போயிற்று.

விழுந்துகிடந்த மற்றவர்கள் எழுந்தார்கள், அவர் எழவில்லை. நீங்கள் டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். குளித்துவிட்டு வந்து, கோயிலுக்குக் கிளம்பு என்றீர்கள். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது குருக்கள் பெயர், நட்சத்திரம், ராசி கேட்டார். பெயருக்கு முனியாண்டி என்றீர்கள், அதில் சிக்கல் இல்லை. நட்சத்திரத்துக்கு என்னைப் பார்த்தீர்கள். நான் கைப்பேசியில் அவருடைய பிறந்த தேதியைத் தேடி எடுத்தேன். எட்டு, கோடு, மூன்று என்று இருந்தது. மார்ச் எட்டு. பஞ்சாங்கச் செயலியில் போட்டேன், பூரட்டாதி என்று வந்தது. அறுவை செய்த அந்த முட்டி ஆறும் காலமெல்லாம், ஏறக்குறைய இரண்டு வருஷம், வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் பூரட்டாதிக்கு அர்ச்சனை செய்தீர்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் உங்கள் காலும் கெட்டுக்கொண்டிருந்தது. இனிப்புநீர், சர்க்கரை வியாதி. சப்பாத்துக் கடித்த ஒரு சின்னப் புண். ஆறும் ஆறும் என்றீர்கள். பெருவிரல் கறுத்தபோதும் காலுறைக்குள் மறைத்து வேலைக்குப் போனீர்கள். அம்மா பார்த்துக் கத்திய பிறகுதான் கிளினிக்.

ஆகஸ்டு தொடக்கத்தில் முனியாண்டியின் குழு பயிற்சி முகாமிலிருந்து ஒரு காணொளி போட்டது. முனியாண்டி ஓடுகிறார், முட்டியில் கறுப்புப் பட்டை. அடுத்த காட்சியில் அவர் முகத்தில் கேக்கைத் தேய்க்கிறார்கள். அன்று அவருக்குப் பிறந்தநாள். ஆகஸ்டு மூன்று. காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள். நாம் தேதியை முன்னால் எழுதுகிறவர்கள், கோயிலில் நின்று அவசரமாகப் பார்த்தபோது நம் கண்ணால் படித்துவிட்டேன்.

அதை அன்றே உங்களிடம் சொன்னேன். நீங்கள் நெற்றியைத் தேய்த்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "போவுது விடு. பூரட்டாதில பொறந்த வேற எவனுக்காச்சும் முட்டி சரியாயிருக்கும். நல்லாருக்கட்டும்." அந்த வெள்ளிக்கிழமை சரியான நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடந்தது. குருக்களிடம் காரணம் சொல்லவில்லை. முனியாண்டிக்கு நட்சத்திரம் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னீர்கள். அவரும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறிவிடும் என்றார் டாக்டர். தள்ளிப்போட ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். அம்மா அழுதார். மாட்டேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். மாட்டேன். கடைசியில், "முனியாண்டி மொதல்ல லிஸ்டுல வரட்டும். அவன் எறங்குனா நானும் எறங்குறேன்" என்றீர்கள். பருவம் தொடங்கும் முன் குழுக்கள் இறுதிப் பெயர்ப்பட்டியல் போடும் நாள் அந்த வாரத்தில்தான் வந்தது. அது பயத்தில் பிடித்த சாக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை என்பதும் தெரியும்.

பட்டியல் வந்தது. அதில் அவர் இல்லை. முட்டி முழுதாகக் குணமாகிவிட்டது, மருத்துவர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வயது குறைந்த இன்னொருவரை வைத்துக்கொண்டு இவரை அனுப்புகிறோம் என்று குழு சொல்லியிருந்தது.

"லிஸ்டு வந்துருச்சா பாப்பா?"

"முட்டி நல்லாயிடுச்சாம் மாமா. டாக்டருங்க பாஸ் பண்ணிட்டாங்களாம்."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பிறகு திறந்து, தாளை வைத்திருந்த தாதியைப் பார்த்து, "எங்க மிஸ்ஸி போடணும்?" என்றீர்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனையோ தடவை எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது.

அறுவை நல்லபடி முடிந்தது. காய்ச்சல் இறங்கியது. ஒன்பது நாள் நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள், பருவத்தின் முதல் ஆட்டத்தை எப்படியாவது கைப்பேசியில் காட்டு என்று தலையணையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும் மாமா."

நீங்கள் என்னையும், இல்லாத காலின் பக்கம் தட்டையாகக் கிடந்த போர்வையையும் பார்த்தீர்கள். "கிராணி வேல பாத்துட்ட பாப்பா."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எஸ்டேட்டை விற்றபோது தாத்தாவிடம் கிராணி ஒரு தாளைக் கொண்டுவந்தார். புது வீடு வரப்போகிறது, கைநாட்டு வையுங்கள் என்றார். புது வீடு வரப்போவது உண்மைதான். அது வேறு யாருக்கோ. தாத்தா குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்பதும் அதே தாளில் இருந்தது, அதை அவர் வாசித்துக் காட்டவில்லை. அப்போது உங்களுக்கு இருபத்தெட்டு வயது, பக்கத்தில் நின்றீர்கள். மை தொட்ட விரலைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தது நீங்கள்தான். அந்தக் கிராணியும் பொய் சொல்லவில்லை.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்டீர்கள். நான் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தின் ஒரே பக்கத்தை நான்கு நாள் படித்தேன். ஐந்தாம் நாள், சுவரைப் பார்த்தபடி நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"ரெண்டு வருசம் தப்பான நட்சத்திரத்துக்குப் பண்ணோம், முட்டி சரியாச்சு. சரியான நட்சத்திரத்துக்குப் பண்ணோம், வேலைய விட்டுத் தூக்கிட்டானுங்க. பேசாம பூரட்டாதியிலயே விட்டுருக்கலாம்."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு நீங்கள். பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தா எதற்கென்றே தெரியாமல் சிரித்தார். என்னால்தான் உடனே சிரிக்க முடியவில்லை. நீங்கள் என்னை மன்னித்தீர்களா, இல்லை சிரிப்பு வந்துவிட்டதா? இரண்டும் ஒன்றில்லை. சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள், ஒரு வாரம் இருந்திருப்பீர்களோ என்னவோ. அப்படியானால் நான் செய்தது சரியா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன, மாமா. டிசம்பரில் வடக்கே பனி விழுகிற ஊர்க் குழு ஒன்று முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டது. சட்டை நிறம் வேறு, எண்ணும் வேறு. நான் முகத்தைச் சுளித்தேன். நீங்கள் கவலையே படவில்லை. "எஸ்டேட்ட வித்தப்ப நம்ம முனியாண்டியவே லோரில ஏத்திக் கொண்டாந்துதான் இங்க வச்சோம். இவன் பிளேனுல போறான். அவ்வளவுதான்." புது ஊரில் முதல் ஆட்டத்திலேயே அவர் கிராணியை உட்காரவைத்தபோது நீங்கள் செயற்கைக் காலைக் கழற்றிக் கையில் தூக்கி ஆட்டினீர்கள். அம்மா உங்களை முறைத்த முறைப்பு! அந்தக் காலோடு சுங்கை புரோங் வயல்வரப்பில் நடந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, பாதி தூரத்தில் சேற்றில் கால் மட்டும் நின்றுவிட, நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு வருஷமும் நான்கு மாதமும். பொங்கலுக்கு முந்தின வாரம், காலைத் தே குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த நீங்கள் எழவில்லை. காரணம் கால் இல்லை, இதயம் என்றார்கள்.

இனி இந்த வருஷத்துச் செய்திகள். முனியாண்டி ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி ஆட்டத்தில் அவரைக் கொஞ்ச நேரம்தான் இறக்கினார்கள். கிராணியைத் தொடவே முடியவில்லை, குழுவும் தோற்றது. பிரியாவிடைக் கூட்டத்தில் தன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். கோழி ஆலையில் வேலை செய்த அந்த அம்மா கூட்டம் முழுக்க அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஹனிபா பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒருநா இந்தப் பக்கம் கூட்டியாங்கம்மா, ரொட்டி போட்டுத் தரேன்" என்றார். வருவார் என்றே நம்புகிறார்.

இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாதக்கணக்காக, கண்ணாடி அழுக்கு என்று சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார். கண் அறுவைக்கான சம்மதத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். அபூர்வமாகப் பார்வையே போகலாம் என்ற வரியையும் சொன்னேன்.

"இதெல்லாம் எதுக்குடி சொல்ற? பயமா இருக்குல்ல."

"தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்கம்மா. இல்ல, தெரிஞ்சுக்கிட்டுப் போடாம இருங்க."

போடவில்லை. தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம். ஒருநாள் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டு மீன் குழம்பு வைத்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, மாமா. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது, ஒன்றுமே ஆகாது என்று சொல்லிவிட. அதுவும் உண்மைதான், பாதி உண்மை. குழம்பைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் வாரம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். "ஒங்க மாமாவோட அந்த ஆளு, முட்டிய அறுத்தானே. அவனுக்கு எல்லாம் சொல்லித்தான் அறுத்தாங்களா?"

"சொல்லித்தாம்மா. திரும்ப ஆட முடியாமலே போலாம்னு சொன்னாங்களாம். அவரே ஒரு பேட்டியில சொல்லிருக்காரு."

"தெரிஞ்சும் போட்டானா?"

"போட்டாரு."

அம்மா எழுந்தார். மடித்த துணிகளை அலமாரியில் வைத்தார். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்து, பார்வை போகலாம் என்ற வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பேனாவைக் கேட்டார்.

வலது கண் முடிந்தது, அடுத்தது இடது கண். அதற்கும் ஒரு தாள் வரும், இதே வரிகள்தான் இருக்கும். ஆனாலும் முதலிலிருந்து வாசித்துக் காட்டுவேன், மாமா. எத்தனை வாரம் ஆனாலும் சரி. அம்மாவுக்கு மட்டுமில்லை, இனி என்னை நம்பி யார் பேனாவைப் பிடித்தாலும்.

போன வியாழக்கிழமை அம்மாவின் வலது கண்ணில் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்து, ஃபேனில் இவ்வளவு தூசியா என்று என்னைத் திட்டினார்.

உங்கள் அக்கா மகள்,
பாப்பா